விளக்கைச் சரிசெய்ய வந்தவர்

1996ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் நகரம், டியூக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. முதலாண்டு வகுப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது. இடைவேளையில் பேராசிரியர் ஒருவர் ஒரு மாணவரிடம் வந்து, விளக்கைச் சரிசெய்ய வந்திருக்கிறாயா என்று கேட்கிறார். மாணவர் இல்லை என்கிறார். அப்படியென்றால் என் வகுப்பில் உனக்கு என்ன வேலை என்கிற தொனியில் அடுத்த கேள்வி வருகிறது. நான் உங்கள் மாணவன் என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மாணவர் டேமன் ட்வீடி. ஆறரை அடி உயரம், கறுப்பினத்தவர். அப்பா கடையில் இறைச்சி வெட்டும் வேலை பார்த்தவர். மேரிலாந்தில் கறுப்பின உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதியில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் கூடைப்பந்தும் ஆடிக்கொண்டு படித்து, முழு உதவித்தொகையோடு டியூக்குக்கு வந்தவர். வகுப்பில் அவரைப்போல் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றிரவிலிருந்து வெறிபிடித்தவர்போல் படிக்கிறார். தேர்வு முடிவு வரும்போது அந்தப் பாடத்தில் வகுப்பின் உச்ச மதிப்பெண்களில் ஒன்று அவருடையது. அதே பேராசிரியர் கூப்பிட்டுப் பாராட்டி, தன்னோடு ஆய்வு செய்ய வரும்படி கேட்கிறார்.

2015இல் வந்த ‘பிளாக் மேன் இன் எ ஒயிட் கோட்’ என்ற அவருடைய தன்வரலாற்று நூலில் இது ஆரம்பத்திலேயே வருகிறது. முதல்முறை இந்த இடத்தைப் படித்தபோது நான் மனசுக்குள் விசிலடித்தேன். நம்ம ஊர் சினிமாவில் இதே காட்சியை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். அவமானம், சபதம், ராத்திரி பூரா விளக்கு, ரிசல்ட் போர்டு. இரண்டாம் முறை படித்தபோது விசில் வரவில்லை. ஒரு சந்தேகம்தான் வந்தது. அந்தத் தேர்வில் ட்வீடி 55 மார்க் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது, பாஸ்தான். அந்த வகுப்பில் எத்தனையோ வெள்ளைக்கார மாணவர்கள் சுமாராகத்தான் வாங்கியிருப்பார்கள். அவர்களில் யாரையும் விளக்குப் பார்க்க வந்தவரா என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் சுமாராகப் படித்து, சுமாரான டாக்டர்களாகி, நிம்மதியாக ஓய்வுபெறுவார்கள். ட்வீடிக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

மருத்துவக் கல்லூரிகளில் சிறுபான்மை மாணவர்களை ‘உள்ளடக்குவது’, அவர்களுக்கு ‘இது நம் இடம்’ என்ற உணர்வைக் கொடுப்பது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எங்கள் ஆபீசிலும் வருடத்துக்கு ஒருமுறை இதற்கென்று ஒரு பயிற்சி உண்டு. நாற்பது நிமிட வீடியோ, கடைசியில் பத்துக் கேள்வி. நான் எப்போதும் பத்துக்குப் பத்து. அதில் எங்கேயும் இல்லாத ஒன்றை ட்வீடியின் புத்தகம், அவரே உத்தேசிக்காமல், காட்டிக்கொடுக்கிறது. ஓர் இடம் ஒருவனுடையதாகிவிட்டது என்பதற்கு அடையாளம், அங்கே அவன் பயமில்லாமல் சுமாராக இருக்க முடிவதுதான். தப்புப் பண்ணலாம், அது அவனுடைய தப்பாக மட்டுமே இருக்கும்.

புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நேர்மையான புத்தகம். தன்வரலாறு எழுதுகிற டாக்டர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒவ்வொரு நோயாளியும் டாக்டருக்கு ஞானம் கொடுத்துவிட்டுச் செத்துப்போவார். ட்வீடியிடமும் அது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் தனக்குப் பாதகமானதை அவர் மறைப்பதில்லை. தன் கல்லூரிப் பின்னணியையும் மதிப்பெண்ணையும் வைத்துப் பார்த்தால் ‘அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்’ இல்லாமல் தனக்கு டியூக் கிடைத்திருக்காது என்று அவரே சொல்கிறார். கூடப் படித்தவர்களில் பலர் ஹார்வர்ட், யேல் மாதிரியான இடங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே தான் இங்கே தகுதியால்தான் வந்தேனா என்ற கேள்வி அவரைத் தின்கிறது. பேராசிரியரின் கேள்வி வெளியிலிருந்து வந்தது, இது உள்ளேயே இருந்தது. இரண்டும் ஒரே கேள்விதான் என்பது அவருக்கும் தெரியும்.

இன்னொரு இடம். போதைப்பொருள் பழக்கம் உள்ள ஒரு கறுப்பின இளம்பெண் குறைப்பிரசவமாகிக் குழந்தையை இழக்கிறாள். சுற்றியிருக்கும் மருத்துவர்கள் அவளைப் பற்றிப் பேசும் விதம் மாணவரான ட்வீடியைக் குத்துகிறது. அவள்மேல் இரக்கம் வருகிறது, கூடவே எரிச்சலும் வருகிறது. இவள் இப்படி இருப்பதால் என்னையும் இவர்கள் இப்படித்தானே பார்ப்பார்கள் என்ற எரிச்சல். அதை அவர் ஒளிக்காமல் எழுதிவிடுகிறார். ஒரு நோயாளியின் துயரத்துக்கு முன்னால் நிற்கும் மாணவன் தன் இனத்தின் மானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய திருட்டு! அவன் கவனத்தில் பாதி அங்கே போய்விட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளை மாணவனுக்கு அந்த நேரத்தில் அவள் வெறும் நோயாளி மட்டும்தான்.

பிறகு முழங்கால் காட்சி. ட்வீடி அப்போது டாக்டராகிவிட்டார். முழங்கால் வலி என்று பழைய உடையில் ஒரு அவசர சிகிச்சை மையத்துக்குப் போகிறார். மருத்துவர் சரியாகத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பப் பார்க்கிறார். நானும் டாக்டர்தான் என்று சொன்னதும் எல்லாம் மாறுகிறது, பரிசோதனை முறையாக நடக்கிறது. இதைச் சொல்லிவிட்டு ட்வீடி யோசிக்கிறார், ஆனால் கோபப்படுவதில்லை. கறுப்பின டாக்டர் வேண்டாம் என்று வசைச்சொல்லோடு மறுத்த வெள்ளைக்கார முதியவரின் கதையிலும் அப்படித்தான். பொறுமையாக வைத்தியம் பார்த்துப் பார்த்து அந்தக் குடும்பத்தை இளக வைக்கிறார். திரும்பவும் உழைத்துத்தான் ஜெயிக்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தின் பலவீனம் என்று எனக்குப் படுவது இதுதான். ஒவ்வொரு அவமானமும் ட்வீடியின் கையில் ஒரு தேர்வாக மாறிவிடுகிறது, அதில் அவர் பாஸாகிவிடுகிறார். கேள்வித்தாளைத் தயாரித்தவர்களை அவர் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. டர்ஹாமின் கறுப்பின மக்கள் டியூக்கை ‘அடிமைத் தோட்டம்’ என்ற பொருளில் அழைத்த காலம் உண்டு. அந்தப் பல்கலைக்கழகம் மருத்துவத்துக்குத் தன் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது 1963இல்தான். இந்த வரலாறெல்லாம் ட்வீடிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவருடைய கதைசொல்லும் முறை ஒரு தனிமனிதனின் மார்க் ஷீட்டைச் சுற்றியே நடக்கிறது.

பாஸாகாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு ட்வீடியின் புத்தகத்தைவிட்டு வெளியே வர வேண்டும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 1970களில் 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மை மாணவர்களுக்கு ஒதுக்கியிருந்தது. 1973லும் 1974லும் அங்கே விண்ணப்பித்து இடம் கிடைக்காத ஆலன் பாக்கி வழக்குப் போட்டார். (இவர் நாசாவில் வேலை பார்த்த எஞ்சினியர். எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் ஏதாவது பண்ணிவைப்பார்கள்.) 1978இல் உச்ச நீதிமன்றம் இத்தனை இடம் என்று ஒதுக்குவது தவறு, ஆனால் மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது இனத்தையும் ஓர் அம்சமாகக் கணக்கில் எடுக்கலாம் என்றது. அந்தப் பாதி வாசலும் 2023இல் சாத்தப்பட்டது. பாக்கி டேவிஸில் சேர்ந்து படித்து மயக்க மருந்து நிபுணரானார்.

பாக்கிக்குக் கிடைக்காத 1973ஆம் வருடம் சிறப்பு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களில் ஒருவர் பேட்ரிக் சாவிஸ் என்ற கறுப்பினத்தவர். பிற்பாடு லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஏழைப் பெண்களுக்கு மகப்பேறு பார்த்தார். 1990களின் நடுவில் ஒதுக்கீட்டை ஆதரித்தவர்கள் இவரைத் தூக்கிப் பிடித்தார்கள். பாருங்கள், பாக்கி வசதியானவர்களுக்கு மயக்க மருந்து கொடுக்கிறார், சாவிஸ் ஏழைகளுக்குப் பிரசவம் பார்க்கிறார் என்றார்கள். கொஞ்ச நாளில் சாவிஸ் சரியான பயிற்சி இல்லாமல் கொழுப்பு உறிஞ்சும் அறுவை சிகிச்சையில் இறங்கினார். பெண்கள் மோசமாகப் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். உரிமம் பறிக்கப்பட்டது. உடனே எதிர்த் தரப்பு அதே மனிதரைத் தூக்கிப் பிடித்தது: பாருங்கள், இதுதான் ஒதுக்கீடு!

சாவிஸ் செய்தது குற்றம், அதை மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவில் வருடாவருடம் மருத்துவர்கள் உரிமம் இழக்கிறார்கள். அவர்களில் எவருடைய கல்லூரி அட்மிஷன் ஃபைலையும் யாரும் தோண்டுவதில்லை. சாவிஸுக்கு மட்டும் தோண்டினார்கள். முதலில் அவரைப் புகழ்ந்தவர்களும் அதையேதான் செய்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அவருடைய நல்லதும் அவருடையதாக இருக்கவில்லை, கெட்டதும் இருக்கவில்லை. இரண்டு தரப்புக்கும் அவர் ஒரு சாட்சிப் பொருள்.

இந்தச் சண்டை நடந்த அதே காலத்தில், 1997இல், டேவிஸ் கல்லூரியின் 20 வருட மாணவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. சிறப்புப் பரிசீலனையில் சேர்ந்தவர்களில் 94 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள், மற்றவர்களில் 98 சதவீதம். ஆரம்பத் தேர்வுகளில் மதிப்பெண் வித்தியாசம் இருந்தது. படிப்பு முடித்துப் பயிற்சி மருத்துவர்களாகப் போன இடத்தில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதாவது பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே சாதாரண டாக்டர்கள் ஆனார்கள். சாதாரணமானவர்களைப் பற்றி யார் பேசுவார்கள்? சாவிஸ்தான் ஞாபகத்தில் நின்றார்.

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதை யோக்கியன் மாதிரி எழுதிக்கொண்டு போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எஞ்சினியரிங் முதலாண்டு. ஹாஸ்டல் ரூமில் நான்கு பேர். முதல் வாரம் எல்லோரிடமும் எல்லோரும் கேட்ட கேள்வி, ‘உன் கட்-ஆஃப் எவ்ளோ?’ ஜாதியை நேராகக் கேட்டால் அசிங்கம், கட்-ஆஃப் கேட்டால் அசிங்கமில்லை. நம்பரைச் சொன்னதும் மிச்சத்தை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நானும் கேட்டேன். என் எதிர்க் கட்டில்காரன் சொன்ன நம்பர் என்னுடையதைவிடப் பன்னிரண்டு குறைவு. நான் ஒன்றும் சொல்லவில்லை. ‘ஓ’ என்றேன். அவ்வளவுதான்.

ட்வீடியைப் படித்து முடித்த வாரம் அவனுக்கு போன் போட்டேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான், எனக்குச் சமமான வேலை. வீடு, பிள்ளைகள், சர்க்கரை அளவு எல்லாம் பேசிவிட்டுக் கேட்டேன்.

“டேய், ஃபர்ஸ்ட் இயர்ல கட்-ஆஃப் கேட்டோமே, ஞாபகம் இருக்கா?”

“யாரு, நீயா? நீ மட்டுமாடா கேட்ட?”

“சாரிடா.”

“அட விடு. நீ ‘ஓ’ன்னு மட்டும்தான் சொன்ன, மத்தவனுங்க லெக்சரே அடிச்சானுங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: “எம்-டூல அரியர் வச்சேன்ல? அரியருக்காக நான் அழலடா. நீங்கல்லாம் நெனச்சது கரெக்ட்டுன்னு ஆயிருச்சேன்னுதான்.”

எம்-டூவில் நானும் அரியர்தான். எனக்கு அது ஒரு ஜோக். இன்றைக்கும் ஆபீசில் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன்.

அவன் சொன்னதைத்தான் கிளாட் ஸ்டீல், ஜோஷ்வா ஆரன்சன் என்ற உளவியலாளர்கள் 1995இல் சோதனையாகச் செய்து பார்த்தார்கள். கடினமான ஒரே கேள்வித்தாள். இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு என்று சொன்னால் கறுப்பின மாணவர்கள் மோசமாகச் செய்தார்கள். அப்படிச் சொல்லாதபோது அந்தச் சரிவு வெகுவாகக் குறைந்தது. பின்னால் வந்தவர்கள் இந்த விளைவின் அளவு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது இருக்கட்டும். என் ரூம்மேட்டுக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. நான் ‘ஓ’ சொல்லிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரிக்க சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைத்தார்கள். 2007இல் வந்த அறிக்கையில் விடுதி அறைகளை மாற்றிக்கொண்டு சில தளங்களில் ஒதுங்கிப்போக நேர்ந்த மாணவர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்களிடம் சந்தேகம் கேட்கக்கூட நெருங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அது நாட்டின் முதல்தரமான மருத்துவக் கல்லூரி. எய்ம்ஸ் நிர்வாகம் அறிக்கையை ஏற்கவில்லை.

ட்வீடிக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிற புத்தகம் ஊச்சே பிளாக்ஸ்டாக்கின் ‘லெகஸி’, 2024இல் வந்தது. ட்வீடி வாசலில் நின்று கதவைத் தட்டியவர் என்றால் பிளாக்ஸ்டாக் அந்த வீட்டிலேயே பிறந்தவர் மாதிரி. அம்மா டேல் பிளாக்ஸ்டாக் புரூக்ளினில் அரசு உதவித்தொகையில் வளர்ந்து, ஹார்வர்டில் மருத்துவம் படித்து, திரும்பிப் புரூக்ளினுக்கே வந்து வைத்தியம் பார்த்தவர். ஊச்சேயும் அவருடைய இரட்டைச் சகோதரி ஓனியும் பின்னால் அதே ஹார்வர்டில் மருத்துவம் முடித்தார்கள். அங்கே படித்த முதல் கறுப்பினத் தாய்-மகள் பரம்பரை இவர்கள்தான்.

புத்தகத்தின் முதல் பாதி அபாரம். சிறுமிகளான இரட்டையர் அம்மாவோடு கறுப்பினப் பெண் மருத்துவர்களின் சங்கக் கூட்டங்களுக்குப் போகிறார்கள். டாக்டர் என்றாலே அம்மா மாதிரி, அம்மாவின் தோழிகள் மாதிரி இருப்பார்கள் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். உலகத்தில் பெரும்பாலான டாக்டர்கள் அப்படி இல்லை என்பது பிறகு தெரிந்துகொண்ட செய்தி. எந்தப் பயிற்சி வீடியோவாலும் கொடுக்க முடியாத ஒன்றை ஒரு ஹால் நிறையப் பெண்கள் சும்மா அரட்டை அடித்தே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கூட்டங்களில் கெட்டிக்கார டாக்டர்களும் இருந்திருப்பார்கள், சுமாரானவர்களும் இருந்திருப்பார்கள். குழந்தைகளுக்கு அது வித்தியாசம் தெரிந்திருக்காது, தெரியவும் தேவையில்லை.

அம்மா 47 வயதில் ரத்தப்புற்றுநோயில் இறந்துபோகிறார். பெண்களுக்கு அப்போது பத்தொன்பது வயது. இதற்குப் பிறகு ஊச்சே ஹார்வர்டில் மருத்துவம் படிக்கும்போது கடுமையான வயிற்றுவலி வருகிறது. திரும்பத் திரும்பப் போயும் சாதாரண வலி என்று அனுப்பிவைக்கிறார்கள். குடல்வால் வெடித்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். எந்த மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாரோ அந்த உலகத்தின் மருத்துவர்களே அவர் வலியை நம்பவில்லை. ட்வீடிக்கு முழங்காலில் நடந்தது இவருக்கு வயிற்றில் நடந்தது. மருத்துவ மாணவர், ஹார்வர்ட், டாக்டரின் மகள் என்ற எந்த அடையாளமும் படுக்கையில் படுத்த பிறகு உதவவில்லை. 2016இல் வந்த ஒரு வர்ஜீனியா ஆய்வு இதற்குப் பின்னணி கொடுக்கிறது. வெள்ளை மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் சுமார் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது போன்ற ஏதாவதொரு பொய்யை உண்மை என்று நம்பினார்கள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் உன் தோல் தடிமன் என்று நம்பும்போது உனக்கு வரவேற்புக் கேக் வெட்டி என்ன பிரயோஜனம்?

தன் அம்மாவைப்போல் ஒரு ஹால் நிறைய டாக்டர்கள் ஏன் எல்லா ஊரிலும் இல்லை என்று பிளாக்ஸ்டாக் தேடிப்போகிறார். அது அவரை ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் 1910ஆம் ஆண்டு அறிக்கைக்குக் கொண்டுபோகிறது. மருத்துவக் கல்வியை அறிவியல்பூர்வமாக்கிய அறிக்கை என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும் அதே அறிக்கைதான். அதன் விளைவாக அப்போதிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டு ஹோவர்ட், மெஹாரி இரண்டும் மட்டும் மிஞ்சின. கறுப்பின மருத்துவர்கள் தங்கள் மக்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பதும், அவர்கள் நோயற்று இருப்பது வெள்ளையர்களின் பாதுகாப்புக்கு அவசியம் என்பதும் அறிக்கையின் வாதங்கள். மூடப்பட்ட கல்லூரிகள் தொடர்ந்து நடந்திருந்தால் 2019க்குள் கூடுதலாக 35,000க்கும் மேற்பட்ட கறுப்பின மருத்துவர்கள் உருவாகியிருப்பார்கள் என்று 2020இல் ஒரு மதிப்பீடு வந்தது. இன்னொரு கணக்கும் உண்டு. 1978இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த கறுப்பின ஆண்கள் 1,410 பேர். 2014இல் 1,337 பேர். முப்பத்தாறு வருடம், எத்தனையோ கமிட்டி, எத்தனையோ திட்டம்.

பிளாக்ஸ்டாக் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகிறார். பன்முகத்தன்மைப் பொறுப்பும் அவர் தலையில் விழுகிறது. இதற்கு ஆய்வுலகில் ‘சிறுபான்மை வரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கமிட்டியில் ஒரு கறுப்பு முகம் வேண்டும், வா. மாணவர் சேர்க்கை போஸ்டருக்கு நில்லு. அழும் மாணவியைத் தேற்று. இதற்கெல்லாம் பதவி உயர்வில் மதிப்பெண் கிடையாது. 2019 கடைசியில் வேலையை விட்டுவிட்டு, ஏன் விட்டேன் என்று வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். ட்வீடி டியூக்கிலேயே மனநல மருத்துவப் பேராசிரியர் ஆனார், இவர் வெளியேறினார். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் பிறந்ததிலிருந்தே டாக்டர்களுக்கு நடுவே வளர்ந்த பெண்ணுக்குத்தான் வெளியேறும் தைரியம் வந்தது என்பதைக் கவனிக்கிறேன். எதையும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவருக்குக் குறைவு.

‘லெகஸி’யின் கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. செயலுக்கு அழைப்பு என்று ஒவ்வொரு தரப்பினருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியவை அடுக்கப்படுகின்றன. எல்லாம் நியாயமானவை. ஆனால் அம்மாவைப் பற்றி அப்படி எழுதிய கை, திடீரென்று பவர்பாயின்ட் போட உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. நிறுவனத்தை விட்டு வெளியே வந்தவர் நிறுவனத்தின் மொழியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

கடைசியாக ஒரு கணக்கு. இது என் தொழிலுக்குப் பக்கத்தில் வருவதால் விட மனசில்லை.

ட்வீடிக்கு மருத்துவம் படிக்கும்போதே உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறியும் இருப்பது தெரியவருகிறது. வகுப்பில் ஒவ்வொரு நோயைப் பற்றிப் பாடம் நடக்கும்போதும் இது கறுப்பினத்தவருக்கு அதிகம் வரும் என்று ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். தன் உடம்பே சிலபஸில் இருக்கிறது. சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதை ரத்தத்திலுள்ள கிரியாட்டினினை வைத்து மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு. 2009இல் வந்த வடிவத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்க வேண்டும். அவர்களுக்குச் சராசரியாகத் தசை அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்பு நாட்கள் இந்த எண் 20க்கு இறங்கிய பிறகுதான் சேர ஆரம்பிக்கும். உங்கள் எண் 18 என்றால் வரிசையில் நிற்கலாம். கறுப்பினத்தவராக இருந்தால் 18ஐ 1.159ஆல் பெருக்கி 20.9 ஆக்கிவிடுவார்கள். சிறுநீரகம் இன்னும் கெடட்டும், அப்புறம் வாருங்கள்.

கோட் ரிவ்யூவில் ஒரு பையன் இப்படி ஒரு மாறிலியைப் போட்டுக்கொண்டு வந்தால் முதல் கேள்வியே, ‘தம்பி, இந்த ஃபீல்டை யார் நிரப்புவா?’ என்பதாக இருக்கும். அம்மா வெள்ளை, அப்பா கறுப்பு என்றால் எதால் பெருக்குவது? இந்த எளிய கேள்வியைப் பல வருடம் வகுப்பில் யாரும் பலமாகக் கேட்கவில்லை, அல்லது கேட்டவர்கள் காதில் வாங்கப்படவில்லை. கடைசியில் விடாமல் கேட்டவர்களில் மாணவர்கள் பலர். வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு 2020இல் அந்தப் பெருக்கலைக் கைவிட்டதற்குப் பின்னால் அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பின மாணவியின் கேள்விகள் இருந்தன. 2021இல் அமெரிக்கச் சிறுநீரக அமைப்புகள் இனம் இல்லாத புதுச் சூத்திரத்தைப் பரிந்துரைத்தன. 2023இலிருந்து, பழைய கணக்கால் வரிசையில் பின்தங்கியவர்களின் காத்திருப்பு நாட்களைத் திருத்தினார்கள். 14,000க்கும் அதிகமானவர்களின் இடம் முன்னால் நகர்ந்தது.

1996இன் ட்வீடிக்கு இப்படி ஒரு கேள்வியைக் கேட்க நேரம் இருந்திருக்குமா? அவர் அந்த இரவுகளில் படித்துக்கொண்டிருந்தார், விளக்கைச் சரிசெய்ய வந்தவன் இல்லை என்று நிரூபிக்க. முட்டாள்தனமாகத் தோன்றுமோ என்று பயப்படுகிறவன் கையைத் தூக்கி, சார் இந்த 1.159 எங்கேயிருந்து வந்தது என்று கேட்க மாட்டான். தப்பான கேள்வி கேட்டால் அது அவனோடு போகாது என்று அவனுக்குத் தெரியும்.

ட்வீடியின் புத்தகத்தை என் ரூம்மேட்டுக்கு அனுப்பிவைத்தேன். ஒரு மாதம் கழித்து வாட்ஸாப்பில் பதில் வந்தது.

“படிச்சேன்டா. நல்லாருக்கு. ஆனா அவரு அந்த எக்ஸாம்ல ஃபெயில் ஆயிருந்தா இந்தப் புக்கை யாரு எழுதியிருப்பா?”

என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை. இரண்டு தடவை டைப் செய்து அழித்தேன். அவன் பக்கத்தில் நீலக் குறி விழுந்திருக்கும்.